டேட்டாபேஸ் மாற்றும்போது தமிழ் சிதைகிறதா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பழைய மைஎஸ்கியூஎல் (டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வரிலிருந்து புதியதற்கு மாறியதும், தமிழ் இருந்த இடமெல்லாம் தலையில் கோடு போட்ட சின்ன ‘ஏ’வும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வரும். பழி புதிய சர்வர் மேல் விழும். பெரும்பாலும் கோளாறு பழைய டேபிளில்தான்: லேட்டின்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான, ஓர் எழுத்துக்கு ஒரு பைட் முறை) என்று அறிவித்த ஃபீல்டுக்குள் யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழிக்குமான முறை) பைட்டுகள் கிடக்கும். கனெக்‌ஷனும் லேட்டின்1 ஆக இருந்தவரை போட்டது போட்டபடி திரும்பி வந்ததால் வெளியே தெரியவில்லை.

ஆகவே திரையில் தெரிவதை நம்பாதீர்கள். ‘அம்மா’ என்று மட்டும் உள்ள ஒரு வரிசையில் லெங்த் (பைட் எண்ணிக்கை), கேர்_லெங்த் (எழுத்து எண்ணிக்கை) இரண்டையும் ஓட்டுங்கள். 15, 5 என்றால் சரி (புள்ளியும் காலும் தனித்தனியாக எண்ணப்படும்). இரண்டுமே 15 என்றால் மேலே சொன்ன நிலை. 31, 15 என்றால் ஏற்கெனவே இருமுறை மாற்றப்பட்டுவிட்டது. ஹெக்ஸ் (பைட்டுகளைக் குறியெண்களாகக் காட்டுவது) போட்டால் வரிசையாக 3எஃப் வருகிறதா? அது நிஜக் கேள்விக்குறி. பேக்கப்பில் இருந்தால்தான் எழுத்து மீளும்.

இரண்டும் 15 ஆக இருக்கும்போது ‘கன்வர்ட் டு கேரக்டர் செட்’ கட்டளை கொடுப்பதுதான் பெருந்தவறு. ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எண்ணி மாற்றிவிடும்; 15 பைட் 31 ஆவது இப்படித்தான். டேபிளின் நகல் ஒன்றில், டெக்ஸ்ட் ஃபீல்டை முதலில் பிளாப் (எழுத்து முறை இல்லாத வெறும் பைட்டுகள்) ஆக்குங்கள். வார்கேர் (நீள வரம்புள்ள உரை) என்றால் வார்பைனரி. பிறகு யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லின் முழு யுடிஎஃப்-8) கொண்ட டெக்ஸ்ட் அல்லது வார்கேராகத் திருப்புங்கள். பிழை 1366 வந்தால் ஏதோ ஒரு வரிசையில் யுடிஎஃப்-8 அல்லாத பைட் இருக்கிறது. அதைத் தேடித் திருத்துங்கள். ஸ்டிரிக்ட் மோடை (தவறான தரவை மறுக்கும் அமைப்பு) அணைத்துவிட்டுத் தள்ளினால் உரை பாதியில் வெட்டுப்படலாம்.

31 ஆகிவிட்டதைப் பைத்தான் மொழியின் சிபி1252 (விண்டோஸின் ஐரோப்பிய எழுத்துப் பட்டியல்) கொண்டு சரிசெய்யப் போவது தமிழுக்கு ஆகாத வேலை. புள்ளியின் கடைசி பைட் 8டி, உகரக் குறியின் கடைசி பைட் 81, ஏ-வுக்கு 8எஃப், ஐ-க்கு 90. சிபி1252 பட்டியலில் இந்த நான்கு இடங்களும் காலி. பிழை வருகிறதே என்று ‘இக்னோர்’ கொடுத்தால் ‘அம்மா’ ‘அமமா’ ஆகிவிடும். மைஎஸ்கியூஎல்லின் லேட்டின்1 அந்த பைட்டுகளையும் இழக்காமல் வைத்திருக்கும். எனவே டேட்டாபேஸுக்குள்ளேயே லேட்டின்1, அடுத்து பைனரி, அடுத்து யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றுங்கள். சிதைந்த வரிசைகளுக்கு மட்டும், ஒரே ஒரு முறை.

விண்டோஸ் பவர்ஷெல் 5-இல் டம்பை (டேட்டாபேஸின் ஏற்றுமதி நகல்) அம்புக்குறி (>) போட்டு ஃபைலுக்கு அனுப்பாதீர்கள். அது யுடிஎஃப்-16 என்ற வேறு முறையில் எழுதிவிடும். அதற்குப் பதில் டம்ப் கட்டளையிலேயே ‘ரிசல்ட்-ஃபைல்’ ஆப்ஷன் இருக்கிறது. இலக்கு டேபிளில் வெறும் யுடிஎஃப்8 (ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரை மட்டும்) வைப்பதும் ஆபத்து: தமிழ் மூன்று பைட்டில் அடங்கிவிடுவதால் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும், நான்கு பைட் எமோஜி வந்த அன்றுதான் பிழை வரும்.