வயது தெரியாத பெரியவர்களின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதியோரைச் சந்திக்கக் களப்பணிக்குப் போகும் சமூகப்பணி மாணவர்கள் கேள்வித்தாளைப் பத்து முறை திருத்துவார்கள். சறுக்குவது முதல் கேள்வியில்தான். கோபிச்செட்டிபாளையத்தைச் சுற்றிய ஊர்களில் நான் வயது கேட்டபோது 65, 70, 75, 80 என்றே பதில் வந்தது. இப்படி வயதுகள் ஐந்திலும் பூஜ்யத்திலும் குவிவதை அளக்க விப்பிள் குறியீடு என்று தனியாகவே ஒன்று இருக்கிறது.

ஆதாரைப் பார்த்து எழுதிவிடலாமே என்பீர்கள். அந்த அட்டைக்கும் யாரோ ஒரு பேரன் குத்துமதிப்பாகச் சொன்ன வயதாக இருக்கலாம். முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது ஆக வேண்டும். 80 ஆனால் அதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாயிலிருந்து 500 ஆகிறது. ஒரு வருடப் பிசகு கூட விளையாட்டல்ல.

அறிமுகம், ஒப்புதல் எல்லாம் உங்கள் பேராசிரியர் சொல்லியிருப்பார். நேராக வேலைக்கு வருகிறேன்.

படி 1: நிகழ்ச்சிப் பட்டியல். ஒரு நீளத்தாளில் ஊர் அறிந்த நிகழ்ச்சிகளை ஆண்டோடு எழுதிக்கொள்ளுங்கள். என் தாளில் இருந்தவை: பவானிசாகர் அணை வேலை முடிந்தது 1955, அணா போய் நயா பைசா வந்தது 1957, அண்ணா மறைவு 1969, எம்.ஜி.ஆர். முதல்வரானது 1977, ஈரோட்டைத் தலைநகராக்கிப் பெரியார் மாவட்டம் பிரிந்தது 1979. கைப்பேசிச் செயலி வேண்டாம். பெரியவர் உங்கள் முகத்தை விட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். தாளும் பென்சிலும் போதும்.

படி 2: உட்காரும் இடம். திண்ணைதான் நல்லது. உள்ளே போனால் மருமகள் பதில் சொல்வார். பேரப்பிள்ளைகள் அம்மிச்சி என்கிறார்களா, ஆத்தா என்கிறார்களா என்று கேட்டு அப்படியே அழையுங்கள். 'ங்க' போடாமல் பேசினால் பேட்டி அங்கேயே முடிந்தது.

படி 3: வயதைக் கேட்காதீர்கள். "நயா பைசா வந்தபோது நீங்கள் என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேளுங்கள். ஓர் அம்மிச்சி, "தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆடு மேய்த்தேன் கண்ணு" என்றார். எட்டு, ஒன்பது வயது இருக்கும். பிறப்பு 1948-ஐ ஒட்டி. பெரியவளானது, கல்யாணம், தலைப்பிள்ளை ஆகியவற்றையும் அதே தாளில் குறித்துப் பாருங்கள். இரண்டு கணக்காவது ஒத்துவந்தால்தான் எழுத வேண்டும்.

படி 4: சாதகக் குறிப்பு. நான் கோட்டைவிட்ட இடம் இது. பெட்டிக்குள்ளிருந்து ஓர் அப்பாரு (தாத்தா) சாதகத்தை எடுத்துக் கொடுத்தார்: விஜய வருடம், தை மாதம். விஜய என்றால் 1953 என்று மனப்பாடம், எழுதிவிட்டேன். 2023 ஆடி மாதப் பேட்டி அது. வயது 70 என்று கணக்கிட்டு, 70–79 பிரிவில் சேர்த்தேன்.

தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது. 1953 ஏப்ரலில் தொடங்கிய விஜய வருடத்தின் தை மாதம் வருவது 1954 ஜனவரியில். அவருக்கு வயது 69, பிரிவே வேறு. தை, மாசி, பங்குனிக்காரர்களுக்கு எப்போதும் ஓர் ஆண்டைக் கூட்டுங்கள். மார்கழியில் பாதி டிசம்பர், பாதி ஜனவரி. அங்கே தேதி தெரியாமல் ஆண்டை முடிவு செய்யாதீர்கள். இதற்காக என் படிவக் கட்டுக்குள் இருந்த சாதகக் கணக்குகளை எல்லாம் திரும்பப் பிரித்தேன்; இரண்டு இரவு போயிற்று.

அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். அறுபதாம் கல்யாணம் நடந்திருந்தால் படத்தின் பின்புறத் தேதியைப் பாருங்கள்: விஜய வருடத்தில் பிறந்தவருக்கு அது 2013 சித்திரைக்கும் 2014 பங்குனிக்கும் இடையில் வரும்.

பின்சேர்க்கை: பொள்ளாச்சி வாசகி ஒருவர், தம் பக்கத்துப் பெரியவர்களுக்கு பவானிசாகர் எதுவும் சொல்லவில்லை என்று எழுதினார். நியாயம்தான். அங்கே 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டைக் கேளுங்கள். பட்டியல் ஊருக்கு ஊர் மாறும்.

இன்னொன்று: சாதகமே எழுதாத வீடுகளுக்கு என்ன வழி என்று கேட்டார்கள். பண்ணையத்தில் கூலிக்குப் போன பெண்களிடம் படி 3 மட்டும்தான் கைகொடுத்தது. அங்கே ஒற்றை எண்ணை எழுதாமல் "74–77" என்று இடைவெளியாகவே எழுதினேன். என் களப்பணி வழிகாட்டி முதலில் முணுமுணுத்தார். பிறகு அவரே வயதை இப்படி இடைவெளியாக எழுதும் கட்டத்தை மற்ற மாணவர்களின் படிவங்களிலும் சேர்த்தார்.