இன்ஜின் சூடே ஆகவில்லையா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

இன்ஜின் கொதித்தால் பதறுகிறோம். சூடே ஆகாவிட்டால் நல்லதுதானே என்று விட்டுவிடுகிறோம். நல்லதில்லை. பெரும்பாலான கார்களில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சுமார் 85 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழேயே நின்றால், இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் குறையும். ஆயிலில் சேரும் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் அதிலேயே தங்கும்.

1. முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். பல கார்களில் முள் தோராயமாகத்தான் காட்டும். சிலவற்றில் முள்ளே இல்லை, நீல விளக்கு மட்டும்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (காரின் கணினித் தகவலைப் படிக்கும் இடம்) சின்ன புளூடூத் ஸ்கேனரைச் செருகினால் சரியான எண் போனிலேயே தெரியும். ராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள். கூலன்ட் வெப்பமும் இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 28 என்றும் கூலன்ட் 10 என்றும் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. மைனஸ் 40 என்று வந்தால் பெரும்பாலும் வயர் அறுந்திருக்கும், அல்லது கனெக்டர் கழன்றிருக்கும்.

2. அப்படியே கூலன்ட் அளவையும் பார்த்துவிடுங்கள். குறைந்திருந்தால் சென்சார் காற்றில் நின்று தப்பாகக் காட்டலாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

3. ஏசியை அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் ஃபேன் உடனே சுற்றினால், ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் தரும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டிருக்கலாம். சென்சார் போனாலும் இதே கதைதான்: பாதுகாப்புக்காக ஈசியூவே ஃபேனை ஓடவிடும்.

4. இனி முக்கியமான சோதனை. இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகும் தடித்த ஓஸைத் தொட்டுப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் வால்வு) நன்றாக இருந்தால் அந்த ஓஸ் சில நிமிடங்கள் சில்லென்றே இருக்கும். ஸ்கேனரில் 82, 85 என்று ஏறும்போது சட்டென்று சூடாகும். அப்போது கையை எடுத்துவிடுங்கள். மாறாக, இன்ஜினோடு சேர்ந்து அதுவும் ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால், வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஓஸ் பக்கம் இருக்கும். அங்கே கீழ் ஓஸைத்தான் கவனிக்க வேண்டும்.

5. சமமான நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். வெப்பம் 70க்கு இறங்கி, சிக்னலில் நின்றதும் மறுபடி ஏறினால் சந்தேகமே வேண்டாம், தெர்மோஸ்டாட்தான். ஊட்டி மலையிலிருந்து இறங்கும்போது கொஞ்சம் குறைவது மட்டும் கணக்கில் வராது, அப்போது இன்ஜினுக்கு வேலையே இல்லை. ஸ்கேனரில் P0128 என்ற கோடு வந்தாலும் பெரும்பாலும் இதே பிரச்சினைதான்.

6. கழற்றிப் பாருங்கள். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லாமலும் இருக்கலாம்! "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று தூக்கிப் போட்டுவிடும் மெக்கானிக்குகள் உண்டு. வெயில் 40 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்கு வேண்டியது அதைவிட இரண்டு மடங்கு. போதாததற்கு, சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் இதே வால்வுதான். அது இல்லாவிட்டால் சூடான கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். நெரிசலில் நிற்கும்போது அதே கார் கொதிக்கவும் செய்யும்.

வால்வு இருந்தால் நூலில் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். ஆறிய நிலையில் முழுதாக மூடியிருக்க வேண்டும். மேலே பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் அதே டிகிரியில் புதிதும், புது சீலும் வாங்குங்கள். சின்ன காற்றுத் துளை இருந்தால் அது மேல்பக்கம் வரும்படி மாட்டி, கூலன்ட் நிரப்பி, ஹீட்டரை முழுதாகத் திறந்து ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். அப்புறம் நெடுஞ்சாலையில் இன்னொரு முறை ஸ்கேனரோடு ஓட்டிப் பாருங்கள்.