கரண்ட் போன இரவில் புரொப்பேன் ஹீட்டர்: செய்யக்கூடாத தவறுகள்

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் பனியில் உறைந்தபோது 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் கரண்ட் போனது. குளிர் தாங்காமல் கராஜுக்குள் காரை ஓடவிட்டவர்களும், கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டியவர்களும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு தாக்கி மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் பிழைக்கவில்லை. இப்படி ஒரு இரவுக்காக முன்கூட்டியே புரொப்பேன் வாயுவில் எரியும் கையடக்க ஹீட்டர் ஒன்றை வாங்கி வைப்பது நல்ல யோசனைதான். எதை வாங்குகிறோம் என்பதில்தான் முதல் தவறு நடக்கிறது.

உணவக முற்றங்களில் குடை விரித்து நிற்பதும், சிலிண்டர் தலையில் நேரடியாக மாட்டுவதும், கட்டட வேலை நடக்கும் இடத்தில் பீரங்கிக் குழல் போல உறுமுவதும் வீட்டுக்குள் வைக்கிற சாமான்கள் அல்ல. உள்ளே பயன்படுத்தலாம் என்று லேபிளிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்போதும் உங்கள் ஊர் விதி அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வைக்கத் தகுந்த ஹீட்டரில் சாய்ந்தால் அணைக்கும் சுவிட்ச் ஒன்றும், ஆக்சிஜன் குறைந்தால் அணைக்கும் சென்சார் ஒன்றும் இருக்கும். “அதான் சென்சார் இருக்கே” என்று மூட்டிவிட்டுத் தூங்கப் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. காற்றில் ஆக்சிஜன் குறைந்தால், ஹீட்டரைப் பற்றவைக்கும் சிறு சுடரான பைலட் சுடர் இடம் விலகும். அருகிலுள்ள தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரி ஆறிப்போய் வாயு நின்றுவிடும். சென்சாருக்குத் தெரிந்த வேலை அவ்வளவே. கார்பன் மோனாக்சைடை அது அளப்பதே இல்லை. பர்னரில் தூசி அடைத்து எரிதல் கெட்டுப்போனால், ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே அந்த வாயு உண்டாகலாம். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

எனவே கார்பன் மோனாக்சைடு அலாரம் தனியாக வேண்டும், அதுவும் பேட்டரியில் ஓடுவதாக. சுவர் பிளக்கை மட்டும் நம்பியிருக்கும் அலாரம் கரண்ட் போன இரவில் எதற்கு உதவும்? தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று வீட்டில் ஒருவர் சொன்னாலும் எல்லோரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். மாத்திரை தேடுகிற நேரமல்ல அது. வெளியே நின்று அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள்.

ஜன்னலை அடைப்பது இன்னொரு தவறு. 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். கண்ணாடியில் வழிகிற தண்ணீர் அதுதான். புகைபோக்கி இல்லாததால் எரிந்ததெல்லாம் அறைக்குள்ளேயே தங்குகிறது. எவ்வளவு திறந்து வைக்க வேண்டும் என்பது கையேட்டில் சதுர அங்குலக் கணக்கில் இருக்கும். திரைச்சீலை, மெத்தை, சோபா எதுவும் மூன்றடிக்குள் வேண்டாம்.

மணிக்கு 9,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) அளவில் எரியவிட்டால் 1 பவுண்டு சிலிண்டர் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் ஹோஸ் மாட்டி, பார்பிக்யூவுக்கு வாங்கிய 20 பவுண்டு சிலிண்டரை ஹாலுக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். கூடவே கூடாது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையோடு படிந்து பேஸ்மென்ட்டுக்கு இறங்கும். ஹோஸிலும் ஒரு சிக்கல் உண்டு. சில ரப்பர் ஹோஸ்களிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு கசிந்து ஹீட்டரின் நுண்துளைகளை அடைக்கும். தயாரிப்பாளர் சொல்கிற ஹோஸையோ ஃபில்டரையோ தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள்.

சிலிண்டரை வெளியே வைத்து, ஹீட்டர் ஆறிய பிறகே மாற்றுங்கள். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். தீக்குச்சி கிழித்துச் சோதிக்கும் தைரியசாலிகளுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

கோடை முழுக்க மூலையில் கிடந்த ஹீட்டரின் பைலட் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். வேடிக்கையாக இருந்தாலும், தயாரிப்பாளர்களே எச்சரிக்கிற விஷயம் இது. குளிர் வருவதற்கு முன் அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்து, வெளியே வைத்து ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள். பைலட் சுடர் நீலமாக நிற்காமல் மஞ்சளாக ஆடினால் உள்ளே கொண்டுவர வேண்டாம். பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.