விரால் குஞ்சுகளுக்குத் தீனி இடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாமிரபரணிக் கால்வாய்கள் நிரப்பும் குளங்களில் மீன்பாசி (மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்துக் கட்லாவும் ரோகுவும் வளர்த்துப் பழகியவர்கள், விராலுக்குக் கிடைக்கும் விலையை நம்பி அதில் இறங்கி, முதல் மாதத்திலேயே குஞ்சுகளைப் பெருமளவில் இழப்பதுண்டு. நோய் என்றும் தண்ணீர்க் குற்றம் என்றும் சொல்லப்படும் இந்தச் சாவுகளில் பல, குஞ்சின் குடல் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று பாராமல் தீனி இடுவதால் நேர்பவை.

முட்டையிலிருந்து ஏறத்தாழ ஒரு நாளில் வெளிவரும் குஞ்சு, முதல் மூன்று நாட்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கும் கருவுணவிலேயே வாழ்கிறது. அப்போது மாவுத் தீனியைத் தூவினால் அது அடியில் படிந்து அழுகி அம்மோனியாவைத்தான் கூட்டும். ஆனால் கருவுணவு தீர்ந்த பிறகு தாமதிப்பது இதைவிடக் கொடியது. பட்டினி நீண்டால் குடலின் உட்சுவரே மெலிந்துவிடுவதால், பின்னர் எவ்வளவு நல்ல இரை கொடுத்தாலும் அதைச் செரிக்கும் திறன் குஞ்சுக்குத் திரும்புவதில்லை.

அடுத்த தவறு, கட்லா, ரோகு போன்ற கெண்டைகளுக்குப் பழகிய கையோடு கடலைப் பிண்ணாக்கையும் தவிட்டையும் விரால் குஞ்சுக்கு இடுவது. கெண்டை இனங்களுக்கு வாழ்நாள் முழுவதும் இரைப்பையே கிடையாது. விரால் இரைப்பை உள்ள ஊனுண்ணி. ஆனால் பிறந்தவுடன் அதற்கும் இருப்பது ஒரு நேரான குழாய் மட்டுமே. அமிலமும், புரதத்தை உடைக்கும் பெப்சின் என்னும் நொதியும் சுரக்கும் சுரப்பிகள் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதுவரை கணையத்திலிருந்து வரும் டிரிப்சின் என்னும் நொதி புரதத்தை ஓரளவு உடைக்க, எஞ்சியதைப் பின்குடலின் செல்கள் அப்படியே உள்ளிழுத்துத் தமக்குள் செரித்துக்கொள்கின்றன. இத்தகைய குடலுக்கு ஏற்றவை, நீரில் வாழும் நுண்ணுயிரிகளான ரோட்டிஃபர், மொய்னா போன்ற மென்மையான உயிருணவுகளே. பிண்ணாக்கைச் சாணத்தோடு ஊறவைத்துத் தனித் தொட்டியில் மொய்னா வளர்த்து, அதை வடிகட்டிக் குஞ்சுக்குக் கொடுப்பதே பிண்ணாக்கின் சரியான பயன் என்பது என் உறுதியான கருத்து.

உயிருணவை ஒரே நாளில் நிறுத்திவிட்டுக் குருணைத் தீனிக்கு மாற்றுவதால்தான் மிகப் பெரிய இழப்பு உண்டாகிறது. செலவைக் குறைக்கும் அவசரம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆயினும், இரைப்பை வேலை செய்யத் தொடங்கும் மூன்றாம் வாரத்தில் ஆரம்பித்து, நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் மொய்னாவைக் குறைத்து, அந்த இடத்தை அரைத்த மீன்கூழ் கலந்த ஈரத் தீனியால் நிரப்பிக்கொண்டு போனால், சுரப்பிகளும் நொதிகளும் புதிய உணவுக்கு ஈடுகொடுக்க அவகாசம் கிடைக்கிறது. குஞ்சுகள் வெண்ணிறக் கழிவை நூல்போல இழுத்துக்கொண்டு திரிந்தால் மாற்றத்தை இரண்டு நாள் நிறுத்திவைத்துக் கவனிக்க வேண்டும்.

அளவிலும் கவனம் தேவை. சிறு குடலில் இரையைச் சேர்த்துவைக்க இடமில்லை. ஆகவே காலையும் மாலையும் வாரிக் கொட்டுவதைவிட, பகலில் பலமுறை சிறிது சிறிதாக இடுவதே ஏற்றது. பிசான நெற்பருவத்து மழையில் தண்ணீர் குளிர்ந்தால் நொதிகளின் வேகமும் குறைந்துவிடும். வெயில் நாட்களுக்கு வகுத்த அளவையே ஐப்பசி, கார்த்திகையிலும் கொட்டுவது தொட்டியைக் கெடுக்கும்.

ஒரே ஈட்டுக் குஞ்சுகளிலும் செரிமானம் முந்தி முதிர்ந்தவை விரைவாகப் பெருத்து, பின்தங்கியவற்றை விழுங்கத் தொடங்குகின்றன. எனவே தீனி மாற்றும் நாட்களில் வாரம் ஒருமுறையேனும் வலைக்கண்ணால் தரம் பிரித்துத் தனித்தனித் தொட்டிகளில் விட வேண்டும். சிறியவை இருக்கும் தொட்டிக்கு உயிருணவை இன்னும் சில நாட்கள் கூடுதலாகத் தொடர வேண்டும்.