பல்கலைக்கழகப் பணத்தை நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் மீட்பது எப்படி: கொழும்பு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பூமியைச் சூடாக்கும் நிலக்கரி, எண்ணெய் போன்ற உயிர்ச்சுவட்டு எரிபொருள் நிறுவனங்களில் இட்ட முதலீட்டைப் பல்கலைக்கழகம் மீளப்பெற வேண்டும் என்று கொழும்பில் கோர விரும்பும் மாணவர்கள், பதாகை எழுதுவதற்கு முன்னர் பணம் எங்கே கிடக்கிறது என்று கண்டறிய வேண்டும். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில், நன்கொடைகளைச் சேர்த்து முதலீடு செய்யும் மிகப் பெரிய அறக்கொடை நிதி உண்டு. நமது அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் திறைசேரி தரும் பணத்தில் இயங்குகின்றன. பரிசில்களுக்கும் தங்கப் பதக்கங்களுக்கும் புலமைப்பரிசில்களுக்கும் நன்கொடையாளர் விட்டுச்சென்ற நிதியங்கள், கட்டணப் பாடநெறிகளால் சேர்ந்த வருமானம் போன்றவையே அவற்றின் கையில் தனியாக இருப்பவை. ஹார்வர்டில் கேட்ட கேள்வியை அப்படியே இங்கே கேட்டால், 'எங்களிடம் அப்படி எதுவும் இல்லை' என்ற ஒரே வரியில் விடயம் முடிந்துவிடும்.

இதற்குக் கைகொடுப்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இலங்கைப் பிரசை எவரும் பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம், அதுவும் பயன் தராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால் 14 நாள் எப்போது தொடங்கியது என்பதே வழக்காகிவிடும்.

எங்கள் குழு முதலில் எழுதிய கடிதம் 'பல்கலைக்கழகத்தின் முதலீடுகள் யாவை?' என்று பொதுவாகக் கேட்டிருந்தது. 'நிலையான வைப்புகள், திறைசேரி உண்டியல்கள், ஏனையவை' என்று பதில் வந்தது. அந்த 'ஏனையவை' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டு இரண்டாவது கடிதத்தை எழுதினோம். இம்முறை வெறும் அட்டவணை ஒன்றை வரைந்து, நிதியத்தின் பெயர், முதலீட்டின் வகை, வழங்கிய நிறுவனம், டிசம்பர் 31 அன்று இருந்த பெறுமதி, முதிர்வுத் திகதி, முடிவெடுத்த குழு ஆகிய நிரல்களை நிரப்பித் தருமாறு கேட்டோம். கட்டங்களை வெறுமையாக விட்டு அனுப்ப எந்த அலுவலருக்கும் மனம் வராது. நீங்கள் முதல் கடிதத்தையே இப்படி எழுதுங்கள்.

பட்டியல் கிடைத்ததும் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திறைசேரி உண்டியலும் முறியும் அரசாங்கத்துக்குக் கொடுத்த கடன் என்பதால் அவற்றை இக்கோரிக்கைக்குள் இழுக்காதீர்கள். பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அரசுக்குச் சொந்தமானது, சந்தையில் அதற்குப் பங்கு கிடையாது. எரிபொருள் விற்கும் லங்கா ஐஓசி போன்று கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பங்குகளும், பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் யூனிட் ட்ரஸ்டுகளுக்குள் மறைந்திருக்கும் அத்தகைய பங்குகளும்தான் நேரடியான இலக்கு. நிலையான வைப்பு இருக்கும் வங்கி நிலக்கரித் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கிறதா என்று பல்கலைக்கழகமே எழுதிக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். எரிபொருள் பங்கு ஒன்றுகூட இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். இனிமேலும் வாங்குவதில்லை என்று எழுத்தில் ஒரு முதலீட்டுக் கொள்கையைப் பெறுவது அப்போதுதான் மிக எளிது.

கோரிக்கையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: புதிய முதலீடு வேண்டாம், இருப்பதைக் குறித்த ஆண்டுக்குள் விற்க வேண்டும், முழுப் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே நேரத்தில் வெளியிடுங்கள். ஒரு மொழியில் மட்டும் வந்தால் அது ஒரு சாராரின் கோரிக்கையாகப் பார்க்கப்படும். பல்கலைக்கழகத்தின் ஆளும் சபையான பேரவைக்குப் போகுமுன் நிதியாளரைச் சந்தியுங்கள். கணக்கை அறிந்தவர் அவரே, பேரவையில் அவரிடம்தான் அபிப்பிராயம் கேட்பார்கள். பீடச் சபையிலுள்ள மாணவர் பிரதிநிதிகள் வழியாக அங்கே ஒரு தீர்மானத்தையும், இயன்றால் கல்வி விடயங்களைக் கவனிக்கும் மூதவையின் ஆதரவையும் பெற்ற பின்னர், பேரவையின் செயலாளரான பதிவாளரிடம் விண்ணப்பத்தைக் கையளியுங்கள்.

'2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாட்டில் இது தேவையா?' என்ற கேள்வி நிச்சயமாக வரும். அதை நான் மதிக்கிறேன், ஏனெனில் அந்த வரிசையில் நின்றவர்களே அதைக் கேட்கிறார்கள். நாளைக்கே பஸ்ஸை நிறுத்தும்படி நாம் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். டொலர் தீர்ந்தவுடன் நாடே நின்றுபோனது, இறக்குமதி எரிபொருளில் நாம் எவ்வளவு தங்கியிருக்கிறோம் என்பதைக் காட்டியது என்று பிறகு விளக்குங்கள். நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கும் நிலக்கரி கப்பலில்தான் வருகிறது. போரினால் 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் மண்ணில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் அமைக்கும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டதையும் நினைவூட்டுங்கள். நிலக்கரி வேண்டாம் என்ற குரல் வெளிநாட்டிலிருந்து இரவல் வாங்கியதல்ல என்பது அப்போது விளங்கும்.

காலம் எடுக்கும். எரிபொருள் முதலீட்டை மீளப்பெறும் முடிவை ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2014இல் எடுத்து, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் முதலாவதானது. ஹார்வர்டில் 2012இல் மாணவர் வாக்கெடுப்பில் பெரும்பான்மை கிடைத்தது, அடுத்த ஆண்டே நிர்வாகம் மறுத்தது, 2021இல்தான் இணங்கியது. நமது பட்டப்படிப்போ மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆகவே முத்திரை குத்திய பிரதிகள், பதில்கள், கூட்டக் குறிப்புகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்து, இறுதியாண்டுப் பரீட்சைக்கு முன்னரே இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரிடம் ஒப்படையுங்கள். பேரவை இணங்கிவிட்டாலும் அந்தக் கோப்பை மூடிவிடாமல், அடுத்த டிசம்பர் 31ஆம் திகதிக்குரிய அட்டவணையைக் கேட்கும் விண்ணப்பத்தை இப்போதே எழுதி அதனுள் வைத்துவிடுங்கள்.