ஒரு பேய்க் கதை, இரண்டு படங்கள்: கூடி உட்கார்ந்து பேச ஒரு வழி

நாலு பேர் சேர்ந்து ஒரு பேய்க் கதையையும் அதை வைத்து எடுத்த படத்தையும் பற்றிப் பேச உட்கார்ந்தால், பத்தே நிமிஷத்தில் "கதைதான் நல்லா இருந்துச்சு, படத்தில் சொதப்பிட்டாங்க" என்று ஒருவர் தீர்ப்பு சொல்லிவிடுவார். அப்புறம் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். எது உசத்தி என்ற கேள்வியை எடுக்கவே எடுக்காதீர்கள். எந்த இடத்தில் பயம் வந்தது, அந்த இடத்தில் எழுதியவர் என்ன செய்தார், படமெடுத்தவர் என்ன செய்தார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ராத்திரி முழுக்கப் பேசலாம்.

இதற்குத் தோதான கதை, ஆங்கில எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸ் எழுதிய ‘ஓ, விசில், அண்ட் ஐல் கம் டு யூ, மை லேட்’ (‘விசிலடி, உன்னிடம் வந்துவிடுவேன், தம்பி’ என்று அர்த்தம்). 1904இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் இருக்கிறது. காப்புரிமை முடிந்துவிட்டதால் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். பிபிசி இதை 1968இல் ஒரு முறையும் 2010இல் ஒரு முறையும் எடுத்தது, இரண்டுமே ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். (இனி முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக் கதையைப் படித்துவிட்டு வரலாம்.)

முதலில் கதையைச் சத்தமாக வாசியுங்கள், ஆளுக்கு ரெண்டு பக்கம். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் இருந்தபோது, கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களை அறைக்கு அழைத்து இப்படிப்பட்ட கதைகளை வாசித்துக் காட்டுவது வழக்கம், அதனால் வாசித்துக் கேட்கும்போதுதான் அந்த நடையின் குறும்பு பிடிபடும். பேயே கிடையாது என்று அடித்துப் பேசும் இளம் பேராசிரியர் பார்க்கின்ஸ், கோல்ஃப் ஆடக் கிழக்குக் கடற்கரைக்குப் போகிறார். விடுதியில் அவருக்குக் கிடைத்த அறையில் இரண்டு கட்டில். டெம்ப்ளர் என்ற பழங்காலக் கிறிஸ்தவப் போர்வீரத் துறவிகளின் பாழடைந்த மடத்தில் தோண்டி ஒரு வெண்கல விசிலை எடுத்து வருகிறார். ‘வருகிற இவன் யார்?’ என்று லத்தீனில் அதில் எழுதியிருக்கிறது. ராத்திரி ஊதிப் பார்க்கிறார், ஜன்னலைத் தள்ளிக்கொண்டு காற்று அடிக்கிறது. மறுநாள் வேலைக்காரப் பெண், இரண்டு கட்டிலிலுமே ஆள் படுத்த மாதிரி இருந்ததே, எதில் போர்வையைப் போடட்டும் என்கிற தோரணையில் சாதாரணமாகக் கேட்கிறாள்.

இங்கே வாசிப்பை நிறுத்துங்கள். கதையில் இதுவரை யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு உள்ளுக்குள் ஏதோ செய்திருக்கும். ஏன் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லுங்கள். "எனக்குப் பயமே வரலையே" என்பவரை விட்டுவிடாதீர்கள், அவர்தான் நல்ல சரக்கு. தனியாக லாட்ஜில் தங்கும்போது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தால் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்று கேளுங்கள்.

கடைசிக் காட்சியையும் இப்படித்தான் அலச வேண்டும். காலிக் கட்டிலிலிருந்து எழுந்து வரும் உருவத்துக்குக் கண் தெரியாது, கைகளால் துழாவுகிறது. போர்வைத் துணிதான் அதற்கு உடம்பு, முகமும் கசங்கிய துணிதான். கர்னல் ஒருவர் ஓடி வந்து காப்பாற்றுகிறார், விசில் கடலுக்குப் போகிறது, துணிகளை எரித்துவிடுகிறார்கள். பயமுறுத்துவதைத் தவிர அதனால் வேறொன்றும் முடிந்திருக்காது என்பது கர்னலின் எண்ணம். இந்த வரியை வைத்துக் கட்சி கட்டி வாதாடலாம்: அது நிஜமாகவே ஆபத்தில்லாததா, இல்லை பயந்தே ஒருவன் ஜன்னல் வழியாக விழுந்து செத்தால் அதுவும் கொலைதானா?

சரி, படத்துக்கு வருவோம். 1968இல் ஜோனதன் மில்லர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை முதலில் போடுங்கள், விளக்கை அணைத்து, செல்போன்களை வேறு அறையில் வைத்துவிட்டு. மைக்கேல் ஹோர்டர்ன் நடித்த பேராசிரியர் இளைஞர் இல்லை, ஐம்பதைத் தாண்டியவர். வாய்க்குள்ளேயே முனகிக்கொள்கிறார், சாப்பிடும்போது தனக்குத் தானே பேசிச் சிரித்துக்கொள்கிறார். காலைச் சாப்பாட்டு மேசைக் காட்சியை இரண்டாவது முறை போட்டுப் பாருங்கள். பேய் உண்டா என்று கேட்கும் கர்னலிடம் அவர் எப்படிச் சொற்களில் விளையாடித் தப்பிக்கிறார், அதில் எவ்வளவு திமிர் என்பது அப்போதுதான் தெரியும். கடற்கரைக் கனவில் துரத்தி வருவதும் வெறும் கந்தல் துணி மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அதோடு வரும் சத்தத்தைக் கேளுங்கள். ஒரு தடவை ஒலியை நிறுத்திவிட்டு அதே காட்சியைப் போட்டால் பயத்தில் எவ்வளவு பங்கு காதுக்கு என்று எல்லோருக்கும் புரியும், நான் விளக்க வேண்டியதில்லை. முடிவில் விசிலை எறிவது, துணியை எரிப்பது எதுவும் கிடையாது. படித்த மனிதர் ஒருவர் குழந்தை மாதிரி விரலை வாயில் வைத்துக்கொண்டு முனகுகிறார், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் கதையைவிட இந்த முடிவு கொடூரம்.

2010 படத்தில் ஜான் ஹர்ட். இதில் விசிலே இல்லை, மோதிரம்தான். நினைவு தப்பிப்போன மனைவியைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிட்டு வருகிற கிழவராகப் பேராசிரியரை மாற்றிவிட்டார்கள். கடைசியில் வருவதும் முகமில்லாத துணி இல்லை, அந்த மனைவி. கதையின் ரசிகர்களுக்கு இங்கே கோபம் வரும். வரட்டும், ஆனால் கோபத்தை இப்படித் திருப்பிவிடுங்கள்: ஜேம்ஸின் பேய் எதற்கு வந்தது என்று கதையில் காரணமே இல்லை, ஊதினான், வந்தது. இந்தப் படம் அதற்குக் குற்ற உணர்ச்சி என்று ஒரு காரணம் கொடுத்துவிட்டது. காரணம் தெரிந்ததும் பயம் கூடுகிறதா, குறைகிறதா? எனக்குக் குறைந்தது, துக்கம்தான் கூடியது. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள் நேர் எதிராகச் சொல்லலாம், அவர்களைக் கடைசியில் பேசவிடுங்கள், முதலில் பேசினால் மற்றவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

நேரம் இருந்தால் இரண்டு படங்களையும் ஒரே ராத்திரியில் போடலாம், ஆனால் நடுவில் சாப்பாட்டை வையுங்கள். வரிசையை மாற்றி 2010 படத்தை முதலில் போட்டால் எல்லோரும் 1968 படத்திலும் மனைவியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கதையைப் படிக்காமல் படத்துக்கு மட்டும் வருகிறேன் என்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முதல் படம் முடிந்ததும் அந்த உருவம் என்னவென்று அவர்களையே முதலில் சொல்லச் சொல்லுங்கள்.