சீக்கிரம் ஓய்வு பெற நினைக்கும் குடும்பங்கள் சறுக்கும் இடங்கள்

"எதில் போட்டால் அதிகம் கிடைக்கும்?" ஐம்பது வயதுக்குள் வேலையை விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். சராசரி வருமானத்தில் ஓடுகிற குடும்பத்துக்கு இது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, "வருடத்துக்கு நமக்கு எவ்வளவு செலவாகிறது?"

ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். 90 செலவாகி 10 மிஞ்சுகிறது. ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்ந்தால் வேலையை விடலாம் என்கிற பரவலான கணக்குப்படி இவர்களுக்கு 2,250 வேண்டும். விலைவாசி உயர்வு போக 5 சதவீதம் வளர்ச்சி கிடைத்தால், அதை எட்ட 51 ஆண்டுகள் ஆகும். அதே குடும்பம் 80-க்குள் வாழப் பழகினால் 37 ஆண்டுகள். 70-க்குள் என்றால் 28. செலவு குறைந்தால் இரண்டு பக்கமும் லாபம்: சேமிப்பு கூடுகிறது, எட்ட வேண்டிய தொகையும் 2,250-லிருந்து 1,750-க்கு இறங்கிவிடுகிறது.

இப்போது வேறு வழியில் போய்ப் பாருங்கள். சேமிப்பை 10-லேயே வைத்துக்கொண்டு, வளர்ச்சியை மட்டும் 5-லிருந்து 6 சதவீதமாக்கினால் 51 ஆண்டு 46 ஆகும். அவ்வளவுதான். அந்த ஒரு சதவீதத்துக்கு ஆசைப்பட்டுத்தான் பலர் தங்களுக்கே புரியாத திட்டங்களில் பணத்தைக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள்.

நோட்டில் வராத செலவு

நாங்களும் முதலில் தவறியது இங்கேதான். மாதாமாதம் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் என்று நோட்டில் எழுதி வந்தோம். கூட்டினால், வருமானம் 100 என்றால் செலவு 62 வந்தது. நிம்மதியாக இருந்தோம். ஆண்டு முடிவில் வங்கிக் கணக்கிலிருந்து வெளியே போனதையெல்லாம் வரிசையாகக் கூட்டிப் பார்த்தால் 74! நடுவில் இருந்த 12 எங்கே போனது? காப்பீட்டு பிரீமியம், வண்டிக்கு டயர், பல் சிகிச்சை, பழுதான வாஷிங் மெஷின், இரண்டு பயணங்கள். ஒவ்வொன்றையும் "இது இந்த மாதம் மட்டும்தானே" என்று நோட்டில் ஏற்றாமல் விட்டிருந்தோம். அப்படி ஏதாவது ஒன்று எல்லா மாதமும் வந்துகொண்டுதான் இருந்தது. 12-ஐ 25-ஆல் பெருக்கினால் 300. அதாவது, மூன்று வருட முழு வருமானம் அளவுக்கு எங்கள் இலக்கில் துண்டு விழுந்திருந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஒரு மாதக் கணக்கை வைத்து அளக்காதீர்கள், 12 மாதமும் முழுசாக வேண்டும்.

அளந்த பிறகு எங்கே குறைப்பது? சின்னச் சின்ன சந்தோஷங்களில் கை வைப்பதைத்தான் பலர் முதலில் செய்கிறார்கள். வீட்டில் முகம் வாடும், ஆறு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பெரும்பாலான குடும்பங்களில் வருமானத்தை அதிகம் தின்பது குடியிருக்கும் வீடும் வண்டியும்தான். அந்த இரண்டையும் ஒரு படி சிறிதாக வைத்துக்கொண்டாலே மற்றதில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். பாதி வருமானத்தைச் சேமித்தே தீருவேன் என்று பிள்ளைகளோடு இருக்கும் குடும்பம் கிளம்ப வேண்டாம் என்பது என் கருத்து. இருபதோ முப்பதோ, விடாமல் பிடித்துக்கொள்ள முடிகிற அளவுதான் நல்லது. அதையும் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் இழுத்துக்கொண்டு போகிற சேமிப்பு பாதி வழியில் நின்றுவிடும்.

மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்பது வழக்கமான இன்னொரு தவறு. மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். சம்பளம் உயரும்போது, உயர்ந்த தொகை கைக்குப் பழகும் முன்பே அதில் பாதியை அந்தக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் இதையெல்லாம் தள்ளிவைத்து முதலில் அதை அடைத்துவிடுங்கள். அந்த வட்டியை மிஞ்சுகிற முதலீட்டை நிச்சயமாகக் கிடைக்கும் என்று யாராலும் காட்ட முடியாது.

25 மடங்கு எல்லோருக்கும் போதுமா?

இந்த 25 மடங்கு எங்கிருந்து வந்தது? 1994-ல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் அந்த நாட்டின் பங்கு, கடன் பத்திரங்களின் பழைய விவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். முதல் ஆண்டு சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்திக்கொண்டே போனாலும் பணம் குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தாங்கியது என்று கண்டார். 4 சதவீதத்தைத் திருப்பிப் போட்டால் 25 மடங்கு. கவனிக்க வேண்டியது அந்த 30 ஆண்டு. 65 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கு அது சரி. 45-ல் விடுகிறவருக்குப் பணம் 45, 50 ஆண்டுகள் வர வேண்டியிருக்கும். அவர் 3 அல்லது 3.5 சதவீதத்தை வைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பு. அப்படியானால் 29 முதல் 33 மடங்கு வரை சேர்க்க வேண்டும்.

சராசரி வளர்ச்சியை நம்பித் திட்டம் போடுவதும் ஆபத்து. 1,000 சேர்த்து, ஆண்டுக்கு 40 எடுத்துச் செலவு செய்யத் தொடங்குகிறீர்கள். முதல் ஆண்டிலேயே பணம் போட்டிருக்கும் பங்குச் சந்தை 30 சதவீதம் சரிந்தால் மீதி 960 என்பது 672 ஆகிவிடும். அடுத்த ஆண்டு எடுக்கிற அதே 40 இப்போது கிட்டத்தட்ட 6 சதவீதம். அப்புறம் சந்தை நன்றாக ஏறினாலும், ஏறுவதற்கு உள்ளே இருக்கும் பணம் குறைவு. இதே சரிவு பதினைந்து ஆண்டு கழித்து வந்திருந்தால் இவ்வளவு வலிக்காது. வேலையை விடும்போது இரண்டு மூன்று ஆண்டுச் செலவுக்கான பணத்தைச் சந்தைக்கு வெளியே, ஏறி இறங்காத இடத்தில் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பணம் எங்கே பூட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். வரிச் சலுகை தரும் ஓய்வூதியத் திட்டங்கள் பலவற்றில் ஒரு குறிப்பிட்ட வயது வரும்வரை பணத்தைத் தொட முடியாது, தொட்டால் வரியோ அபராதமோ உண்டு. மொத்தச் சேமிப்பும் அதில் இருந்தால், காகிதத்தில் இலக்கை எட்டியிருப்பீர்கள், கையில் காசு இருக்காது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கான பணம் தனியாக வேண்டும். குடியிருக்கும் வீட்டின் விலையையும் சேமிப்போடு சேர்த்துச் சொல்லாதீர்கள். விற்காதவரை அது செலவுக்குப் பணம் தராது. மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டியிருந்தால் வேலையோடு அதுவும் போய்விடும், அதன் பிரீமியத்தை இப்போதே ஆண்டுச் செலவில் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. வேலை என்றால் முழு வேலை, ஓய்வு என்றால் ஒரு காசும் சம்பாதிக்காத ஓய்வு என்று நினைப்பதால் பலர் கணக்கைப் பார்த்ததுமே கைவிட்டுவிடுகிறார்கள். 70 செலவாகும் குடும்பம் பகுதி நேர வேலையில் 20 சம்பாதித்தால், சேமிப்பு ஈடுகட்ட வேண்டியது 50 மட்டுமே. 25 மடங்கு என்றே வைத்தாலும் இலக்கு 1,750-லிருந்து 1,250 ஆகும், 28 ஆண்டு 23 ஆகும். அந்தப் பகுதி நேர வேலையை, இருக்கும் வேலையை விட்ட பிறகு தேடாமல், இரண்டு ஆண்டு முன்பே விடுமுறை நாட்களில் செய்து பாருங்கள். 20 உண்மையிலேயே வருகிறதா என்பது சம்பளம் நிற்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.